அனுமந்தைப் பக்கம் தூண்டில் போட…

கழுவெளியின் பரந்த நீரைப் பார்த்ததும் தூண்டிலை எடுக்கக் கை துறுதுறுக்கும். அங்கே வேண்டாம். 2021-ல் பறவைகள் சரணாலயமாகவும், 2024-ல் ராம்சார் தலமாகவும் அறிவிக்கப்பட்ட இடம் அது. கடற்கரைக்கே போங்கள். எந்த இடம் தோது, வலை இழுக்கும் நேரம் எது என்று குப்பத்து மீனவர்களிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

தேடிப்போக வேண்டிய மீன் கொடுவா. கடலுக்கும் கழிமுகத்துக்குமாகப் போய்வரும். விடியலிலும் அந்தியிலும் நன்றாக இரை எடுக்கும். டார்ச் அடித்தால் கண் தணலாக மின்னும். உயிர் இறாலோ சின்ன மடவையோ கோர்க்கலாம். செவுள் மூடியின் விளிம்பு கூர்மையானது, மெல்லிய நரம்பை அறுத்துவிடும். அதனால் முள்ளுக்கு மேலே ஒரு முழத்துக்குத் தடித்த நரம்பு கட்டுங்கள். செவுளுக்குள் விரல் விடவே கூடாது.

கொடுவா முதலில் ஆணாக இருந்து, வளர்ந்தபின் பெண்ணாக மாறுவது. மிகப் பெரியவை பெரும்பாலும் சினை சுமப்பவை. அவற்றைத் தயவுசெய்து திரும்ப விட்டுவிடுங்கள்.

பிளாஸ்கில் வெந்நீர் அவசியம். கெளுத்தி முள் குத்தினால், தாங்கக்கூடிய சூட்டில் அரை மணி நேரமாவது கையை முக்கிவைக்க வலி குறையும். சூட்டை மற்றக் கையால் பார்த்துக்கொள்ளுங்கள். முள் உள்ளே முறிந்திருந்தாலோ வீக்கம் ஏறினாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

அறுந்த நரம்பைச் சுருட்டி வீட்டுக்கே கொண்டுவாருங்கள்; மணலில் கிடந்தால் பறவைகளின் காலில் சிக்கும். ரீலை அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்துங்கள்.