தட்டிலும் கோப்பையிலும் கிள்ளான் பள்ளத்தாக்கு

மலேசியாவிற்கு வரும் சுற்றுப்பயணிகளுள் பலர் காட்டையும் காட்டு விலங்குகளையும் காண்பதற்காகவே வருகின்றனர். சிலர் பகாங்கில் உள்ள தாமான் நெகாராவிற்குச் செல்வர். சிலர் சபாவில் கினாபாத்தாங்கான் ஆற்றோரம் யானைகளையும் நீள்மூக்குக் குரங்குகளையும் தேடிப் போவர். எங்குச் செல்வதாயினும், அவர்களுள் பெரும்பாலோர் முதலில் கால் வைப்பது கோலாலம்பூரில்தான். காட்டிற்குப் புறப்படும் முன் ஒரு நாள் ஓய்வு கிடைத்தால், அந்நாளைக் கிள்ளான் பள்ளத்தாக்கின் உணவுகளுக்கு ஒதுக்கலாம். இங்குப் பேர் பெற்ற உணவுகளில் பல அரண்மனைச் சமையற்கட்டில் பிறந்தவை அல்ல. இரயில் தண்டவாளம் போட்டவர்களும் பால்மரம் சீவியவர்களும் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும் உண்டு பசியாறியவை அவை.

நாள் காலைப் பசியாறலில் தொடங்க வேண்டும். 2024-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், மலேசியாவின் காலைப் பசியாறல் பண்பாட்டை யுனெஸ்கோ நிறுவனம் மனிதகுலத்தின் தொட்டுணரா மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதற்கு எடுத்துக்காட்டாகக் காட்டப்பட்டவை நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரேக் ஆகிய மூன்றும் ஆகும். பல இனத்தவரும் ஒரே கடையில் அமர்ந்து உண்ணும் வழக்கமே இங்குச் சிறப்பாகக் கருதப்பட்டது. தேங்காய்ப் பாலும் பாண்டான் இலையும் சேர்த்து வேகவைத்த சோறு, காரமான சம்பல், பொரித்த நெத்திலி, வேர்க்கடலை, வெள்ளரித் துண்டு, முட்டை ஆகியவை சேர்ந்தால் நாசி லெமாக். வாழையிலையில் கட்டிய சிறு பொட்டலமாக வாங்குவதே நல்லது. இலையின் மணம் சோற்றில் இறங்கியிருக்கும்.

ரொட்டி சானாய் போடுவதை நின்று பார்ப்பதே ஒரு விருந்து. பிசைந்து, எண்ணெய் தடவி ஊறவைத்த மைதா மாவு உருண்டையைத் தட்டி, காற்றில் வீசி, கைக்குட்டைபோல் மெலிதாக விரிப்பர். பின்னர் அதனை மடித்துக் கல்லில் இடுவர். இது தமிழகத்துப் பரோட்டாவிற்கு நெருங்கிய உறவு. சிங்கப்பூரில் இதற்கு ரொட்டி பிராட்டா என்று பெயர். 'சானாய்' என்னும் சொல்லைச் சென்னை என்பதன் திரிபு என்பர் சிலர். மாவைத் தேய்த்து மெலிதாக்குவதைக் குறிக்கும் மலாய்ச் சொல் அது என்பர் வேறு சிலர். இரண்டாவது விளக்கமே பொருத்தமாகத் தோன்றுகிறது. இந்த ரொட்டி இங்குப் பரவிய காலத்தில் அந்நகரம் வெளியுலகிற்கு மதராஸ் என்றே அறிமுகமாகி இருந்தது.

இவ்விரண்டையும் விற்கும் மாமாக் கடைகளில் பல இரவும் பகலும் திறந்திருக்கும். தமிழ் முஸ்லிம்கள் தொடங்கி வைத்த கடைகள் இவை. 'மாமா' என்னும் தமிழ் உறவுமுறைச் சொல்லே மலாயில் 'மாமாக்' ஆயிற்று. 'கெடாய்' என்னும் மலாய்ச் சொல்லும் நம் 'கடை'தான்.

தே தாரேக் என்பது கடுந்தேநீருடன் டின்னில் அடைத்த இனிப்புக் கெட்டிப்பால் சேர்த்தது. குளிர்பதனப் பெட்டி அரிதாக இருந்த காலத்தில், வெப்ப நாட்டில் பசும்பால் சில மணி நேரத்திலேயே கெட்டுவிடும். டின் பாலோ பல மாதங்கள் கெடாது. தோட்டத்துத் தொழிலாளர்களுக்கு அப்பாலே கைகொடுத்தது. ஒரு குவளையிலிருந்து மற்றொரு குவளைக்கு உயரத்தூக்கி ஊற்றுவதை வெறும் வேடிக்கை என்று பயணிகள் எண்ணுவதுண்டு. உண்மையில், அவ்வாறு ஊற்றுவதால் கெட்டிப்பால் நன்கு கலக்கிறது, சூடு தணிகிறது, நுரையும் பொங்குகிறது. சூடு தணிவதைக் கண்ட தமிழர் இதனை 'ஆற்றுதல்' என்றனர். கயிறுபோல் நீளும் தேநீரைக் கண்ட மலாய்க்காரர் 'தாரேக்', அதாவது இழுத்தல், என்றனர்.

இனிப்பு வேண்டாதவர் "அண்ணே, தே ஓ கோசோங்!" என்று கேட்க வேண்டும். இந்தச் சிறு தொடரில் மூன்று மொழிகள் உள்ளன. 'அண்ணே' தமிழ், எல்லா இனத்தவரும் கடைக்காரரை அப்படித்தான் அழைக்கின்றனர். 'ஓ' என்பது ஹொக்கியன் சீன மொழியில் கறுப்பு, அதாவது பால் சேராதது. 'கோசோங்' என்பது மலாயில் வெறுமை, இங்கே சர்க்கரை இல்லாதது. 'தே' என்பதும் ஹொக்கியனிலிருந்து மலாய்க்கு வந்ததே. தமிழின் 'தேநீர்', 'தேயிலை' ஆகியவற்றிலும் அது ஒளிந்திருக்கிறது. 'கோசோங்' என்னும் சொல்லைப் பயணி மட்டுமன்றி நாமும் அடிக்கடி பயன்படுத்தலாம். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, இந்நாட்டுப் பெரியவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு நோய் இருப்பதாகக் கண்டது.

நண்பகல் உணவிற்குப் பிரிக்பீல்ட்ஸ். 1881-இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துக் கோலாலம்பூரை அழித்தன. அதன்பின் மர வீடுகளுக்கும் அத்தாப்புக் கூரைகளுக்கும் மாற்றாகச் செங்கல் கட்டடங்கள் எழுந்தன. செங்கல் அறுத்துச் சுட்ட இடமே இன்றைய பிரிக்பீல்ட்ஸ். பின்னர் இங்கு இரயில்வே பணிமனைகள் அமைந்தன. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்களும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுத்தர்களும் நிலைய அதிகாரிகளும் அக்கம்பக்கத்தில் குடியேறினர். அவர்களோடு வந்தது வாழையிலைச் சாப்பாடு. சோறு, காய்கறிகள், பருப்பு, குழம்பு, ரசம், மோர், அப்பளம் என இலை நிறையும். பல கடைகளில் சோறும் காய்கறியும் கேட்கக் கேட்க வரும். உண்டு முடித்ததும் இலையைத் தம் பக்கமாக மடிப்பதே முறை. எதிர்ப்பக்கமாக மடிப்பது துக்க வீட்டு வழக்கம் என்பதைப் பயணிக்கு எவரேனும் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய கேஎல் சென்ட்ரலிலிருந்து கொம்யூட்டர் இரயிலில் கிள்ளானுக்குச் செல்லலாம். 1886-இல் இப்பாதை கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரை வரை போடப்பட்டது. ஆற்றைக் கடந்து நகரை அடைந்தது 1890-இல். கிள்ளானின் புகழ் பெற்ற சீன உணவு பா குட் தே. பன்றி விலா எலும்புடன் மூலிகைகளைச் சேர்த்து நெடுநேரம் காய்ச்சிய சாறு அது. துறைமுகக் கூலிகள் உடல் தெம்பிற்காக அதை உண்டனர் என்பர். 2024-இல் அது தேசிய மரபு உணவாக அறிவிக்கப்பட்டபோது பலத்த விவாதம் எழுந்தது. முஸ்லிம்கள் பன்றி இறைச்சியை உண்பதில்லை. இந்துக்களில் பெரும்பாலோர் மாட்டிறைச்சியை உண்பதில்லை. ஆகவே, உடன் வருபவரைக் கேட்ட பிறகே கடையைத் தேர்ந்தெடுப்பது இந்நாட்டுப் பழக்கம்.

பயணக் கையேடுகள் பெரும்பாலும் சொல்லாத ஒரு பானமும் கிள்ளான் வட்டாரத்திற்கு உண்டு. அது கள். அதைச் சுவைத்துப் பார்க்கச் சொல்வதற்காக அன்று. அதன் வரலாற்றை அறிவதற்காகவே இங்குக் குறிப்பிடப்படுகிறது. ஆங்கிலேயர் காலத்தில் ரப்பர் தோட்டங்களில் அரசு உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் இருந்தன. உழைத்துப் பெற்ற கூலியில் ஒரு பகுதி அங்கேயே கரைந்தது. குடும்பங்கள் பசியில் வாடின. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தத்தில் இறங்கினர். ஆர்.எச். நாதன் அவர்களுக்குத் துணை நின்றவர்களில் முக்கியமானவர். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, முறையான மருத்துவ வசதி ஆகியவற்றைக் கேட்டனர். துரையையோ கிராணியையோ கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றனர். கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அக்கோரிக்கைகளில் ஒன்று. குடித்தவர்களின் கூட்டமே குடிக்கும் கடையை மூடச் சொன்னது! அரசு படையை வரவழைத்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். நாதன் இந்தியாவிற்கு நாடு கடத்தப்பட்டார்.

இன்று கிள்ளான் இரயில் நிலையத்திலிருந்து சற்றுத் தூரம் நடந்தால் ஜாலான் தெங்கு கிளானா வந்துவிடும். பூக்கடைகளுக்கும் புடவைக் கடைகளுக்கும் இடையே வடையும் பலகாரமும் சூடாகக் கிடைக்கும். வெயிலுக்கு இளநீர் உண்டு; தேங்காய்ப் பாலும் பனைவெல்லப் பாகும் ஊற்றிய சென்டோலும் உண்டு. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் அத்தெருவில் நடக்கவே இடம் இருக்காது. முறுக்கை அங்கேயே நொறுக்கிவிடுவது நல்லது. கொம்யூட்டர் இரயிலில் உண்ண அனுமதி இல்லை. பொட்டலத்தைப் பிரிக்காமல் கேஎல் சென்ட்ரல் வரை காத்திருக்க வேண்டும்.