வெள்ளத் தடுப்பு நீர்த்தேக்கமும் எஞ்சினீயர் நியமனமும்

நெசவாளர் சங்கமொன்று நூல் கொள்முதல் செய்யப் புகும்போது, எந்த எண் நூல், எவ்வகைத் துணிக்கு, எத்தனை கட்டு என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பின்னரே விலைப்புள்ளி கோருகிறது. அறுபதாம் எண் நூல் தேவைப்படும் தறிக்கு நாற்பதாம் எண் நூல் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி வந்த நிர்வாகக் குழுவை எந்த ஆய்வாளரும் பாராட்டமாட்டார். பல கோடி ரூபாய் செலவில் அமையவேண்டிய நீர்த்தேக்கத்துக்கு எஞ்சினீயர்களை அமர்த்தும்போதும் இதே விதி பொருந்தும். எது வேண்டும் என்பதை முதலில் எழுதியாக வேண்டும். யாருக்கு, எவ்வளவு கட்டணம் என்பவை அதன் பின்னரே எழும் கேள்விகள்.

இது நம் அங்கத்தினர்களுக்குத் தொலைவான விஷயம் அன்று. கொசஸ்தலையாறு பள்ளிப்பட்டு வட்டாரத்து நெசவாளர் ஊர்களின் அருகே ஓடி, பூண்டியில் தேங்கி, தாமரைப்பாக்கம் அணையையும் வல்லூர் அணையையும் கடந்து, மணலி புதுநகரைச் சுற்றிக்கொண்டு எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. நெசவாளர், நெல் விளைவிப்போர், ஆலைத் தொழிலாளர், மீனவர் ஆகிய நால்வகை மக்களும் ஒரே ஆற்றின் கரையில் வாழ்கின்றனர். வீட்டினுள் வெள்ளம் புகுந்தால் குழித்தறியின் மிதி இருக்கும் குழியே முதலில் நிரம்பும். பாவு நனைந்து கஞ்சி கரைந்துவிடும். தண்ணீர் இரண்டு நாளில் வடிந்தாலும் தறி ஓட இரண்டு வாரம் ஆகும். கதிர் முற்றிய வயலில் நீர் நின்றால் ஏற்படும் நஷ்டத்தை விவசாயிக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இவ்வாற்றில் பூண்டி நீர்த்தேக்கம் இருக்க வெள்ளம் ஏன் வருகிறது என்று பலர் கேட்பதுண்டு. 1944இல் கட்டி முடிக்கப்பெற்று, சென்னை மேயராக இருந்து அதற்காக உழைத்த சத்தியமூர்த்தி அவர்களின் பெயரைத் தாங்கிநிற்கும் அந்நீர்த்தேக்கம், நகருக்குக் குடிநீர் வழங்கவே அமைக்கப்பட்டது. இன்று அதன் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. விநாடிக்கு 1,000 கன அடி வீதம் ஒரு நாள் முழுதும் வரும் நீர் 86.4 மில்லியன் கன அடி. ஆகவே விநாடிக்கு ஏறத்தாழ 37,400 கன அடி வீதம் நீர் வந்தால், அடியோடு வற்றிக் கிடக்கும் பூண்டியும் ஒரே நாளில் நிரம்பிவிடும். கார்த்திகையில் அது வற்றிக் கிடப்பதோ அரிது. குடிநீருக்கென அமைந்த ஏரியை நிரப்பி வைத்திருப்பதே அதன் அதிகாரிக்குக் கடமை. வெள்ளத்தைத் தாங்கவேண்டிய ஏரியில் இடத்தைக் காலியாக வைத்திருப்பதே கடமை. ஒரே குடத்தை நிறைகுடமாகவும் வெறுங்குடமாகவும் வைத்துக்கொள்ள இயலாது. 2015 டிசம்பரில், 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பும் தறுவாயில் இருந்தபோது பெருமழை பெய்தது. விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட, அடையாற்றின் இரு கரைகளும் மூழ்கின. அவ்வேரியும் வெள்ளத் தடுப்புக்கென அமைந்ததன்று.

வெள்ளத்தைத் தாங்குவதற்கென்றே எஞ்சினீயரை அமர்த்திய ஒரு வரலாறு அமெரிக்க நாட்டில் உண்டு. 1913 மார்ச்சில் ஒஹையோ மாநிலத்து மியாமி ஆறு பெருகி டேட்டன் நகரை அழித்தது. மக்கள் தாங்களே இருபது லட்சம் டாலருக்கு மேல் நிதி திரட்டி, ஆர்தர் மார்கன் என்ற எஞ்சினீயரை அமர்த்தினர். நகருக்குள் ஆற்றை அகலப்படுத்தினால் போதும் என்பது பலருடைய எதிர்பார்ப்பு. அவர் அவசரப்படவில்லை. பழைய மழைக் கணக்குகளையும் வெள்ளக் குறிகளையும் திரட்டி, 1913 வெள்ளத்தைவிட நூற்றுக்கு 40 பங்கு கூடுதலான வெள்ளத்தைத் தாங்கவேண்டும் என்று அளவு வகுத்தார். 1922க்குள் ஐந்து அணைகள் எழுந்தன. அவற்றில் திறந்து மூடும் மதகுகள் இல்லை. அடியில் எப்போதும் திறந்திருக்கும் வாய்களே உள்ளன. சாதாரண நாளில் ஆறு தடையின்றி ஓடும். பெருவெள்ளம் வந்தால் வாய் கொள்ளாத நீர் மட்டும் அணைக்குப் பின்னால் தேங்கி மெல்ல வடியும். மற்றக் காலத்தில் அந்நிலத்தில் விவசாயம் நடக்கிறது. அணைகளுக்கான பெருஞ்செலவை, அவற்றால் பயன் அடைந்த நில உடைமையாளர்களும் ஊர்களும் அவரவர் பெற்ற பயனுக்கு ஏற்பப் பகிர்ந்துகொண்டனர். கூட்டுறவு என்ற பெயர் அதற்கு இல்லாவிடினும் உள்ளம் அதுவேயாம்.

நம் நாட்டில் தாமோதர் நதியின் வரலாறு வேறு பாடத்தைத் தருகிறது. 1943 வெள்ளத்துக்குப் பின், மார்கன் முதல் தலைவராக இருந்த டென்னசி பள்ளத்தாக்கு நிறுவனத்திலிருந்து வூர்துயின் என்ற எஞ்சினீயர் வரவழைக்கப்பட்டார். விநாடிக்குப் பத்து லட்சம் கன அடி வரும் வெள்ளத்தை இரண்டரை லட்சமாகக் குறைப்பது அவர் நோக்கம். அதற்கு எட்டு அணைகளைத் திட்டமிட்டார். 1953 முதல் 1959 வரை திலையா, கோனார், மைதான், பாஞ்சேத் என நான்கே கட்டப்பட்டன. அவற்றிலும் வெள்ளத்துக்கென ஒதுக்கிய மேல்மட்டம் வரையிலான நிலம் முழுவதும் கையகப்படுத்தப்படவில்லை. ஆகவே அந்த இடத்தை முழுமையாகப் பயன்படுத்த முடியாமற் போயிற்று. நிபுணர் திறமையானவர், அவர் கணக்கு பிழையன்று. அவர் வரைந்ததில் பாதியைக் கட்டிவிட்டு முழுப் பலனை எதிர்பார்த்ததே குறை.

இனி நியமனத்துக்கு வருவோம். வழக்கமாக ஆலோசனை நிறுவனங்களிடம் இரண்டு உறைகள் கோரப்படுகின்றன: ஒன்றில் தகுதியும் வேலைமுறையும், மற்றதில் கட்டணமும் இருக்கும். முதல் உறையில் தேறியவரின் இரண்டாம் உறையே திறக்கப்படும். முறை நல்லதே. ஆயினும் வடிவமைப்புக் கட்டணம் மொத்தச் செலவில் மிகச் சிறு பங்கு. அதில் சில லட்சம் மிச்சம் பிடிக்க எண்ணி, மண் பரிசோதனைத் துளைகளையும் நில அளவையையும் குறைத்துக்கொண்டால் நட்டம் கோடிகளில் விளையும். வேலைக் குறிப்பில் இடம்பெற வேண்டிய முதல் வாக்கியம், ‘ஐப்பசி முதல் மார்கழி வரை இந்நீர்த்தேக்கத்தில் இவ்வளவு இடம் காலியாக இருக்கவேண்டும்’ என்பதே. இது எழுதப்படாவிடில் எத்தகைய மேதையை அமர்த்தினாலும் மற்றொரு குடிநீர் ஏரியே நமக்குக் கிடைக்கும். 2020இல் திறக்கப்பெற்ற கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் 500 மில்லியன் கன அடி கொள்ளும். நல்ல பணிதான், ஆனால் அதன் வேலையும் குடிநீரே.

அடுத்து, எவ்வளவு பெரிய வெள்ளத்துக்கு வடிவமைப்பது? ‘நூறாண்டு வெள்ளம்’ என்று எஞ்சினீயர்கள் சொல்வதை, ஒருமுறை வந்தால் இனி நூறாண்டுக்கு வராது என்று பலர் பொருள்கொள்கின்றனர். எந்த ஓர் ஆண்டிலும் அது வர நூற்றில் ஒரு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். முப்பதாண்டுத் தவணையில் வீடு கட்டும் ஒருவர், கடன் தீர்வதற்குள் அதனைக் காணும் வாய்ப்பு நூற்றுக்கு 26. இதனை எஞ்சினீயர் தமிழில் எழுதித் தரவேண்டும் என்பதும் நிபந்தனைகளுள் ஒன்றாக இருக்கட்டும்.

வடசென்னைக்கு மேலும் ஒரு கேள்வி உண்டு. பூண்டிக்கு மேலே எத்தனை அணை கட்டினாலும், பூண்டிக்குக் கீழே பெய்யும் மழையை அவை பிடிக்கமாட்டா. புழல் ஏரியின் உபரிநீரும் வடபெரும்பாக்கம், கொசப்பூர், மணலி, சடயங்குப்பம் வழியாக இதே கழிமுகத்துக்கு வருகிறது. புயல் நாளில் கடல் உயர்ந்து நிற்க, ஆற்று நீர் வெளியேற வழியின்றித் திரும்பும். அனல் மின் நிலையச் சாம்பல் படிந்து கழிமுகத்தின் ஆழமும் குறைந்துள்ளது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது மணலிப் பக்கத்திலிருந்து வெள்ளத்தோடு எண்ணெயும் எண்ணூர்க் கழியில் பரவி மீனவர் வலைகளைப் பாழாக்கியது. ஆசிய வளர்ச்சி வங்கி 2021இல் கொசஸ்தலையாற்று வடிநிலத்து மழைநீர் வடிகால்களுக்கு 25.1 கோடி டாலர் கடன் வழங்க இசைந்தது. அவ்வடிகால்களின் நீரும் இறுதியில் இதே வாயைத்தான் நாடவேண்டும். ஆகையால் அணை எஞ்சினீயரோடு கடற்கரை நீரோட்டம் அறிந்தவரும் குழுவில் இருத்தல் அவசியம். பூண்டியிலேயே அரசின் நீரியல் ஆய்வு நிலையம் இருக்கிறது. அங்கே மாதிரி அமைத்துச் சோதிக்க வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் சேர்க்கலாம்.

நம் சங்கங்கள் எஞ்சினீயரை நியமிக்கப் போவதில்லை, அரசே நியமிக்கும். எனினும் அவர் முதலில் தேடுவது சங்கங்களிடம் இருக்கிறது. 2005, 2015, 2021, 2023 ஆகிய ஆண்டுகளில் சங்கக் கட்டடத்தின் சுவரில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது, எந்த நாள் ஏறிற்று, எத்தனை நாளில் வடிந்தது, எத்தனை தறிகள் நின்றன, எத்தனை ஏக்கர் அழிந்தது என்பவை இழப்பீட்டு மனுக்களிலும் கடன் தவணை நீட்டிப்புத் தீர்மானங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. செயலாளர்கள் இவற்றை ஒரு தனிப் புத்தகத்தில் தொகுத்து, சுவரில் உள்ள நீர்க்கறையை அடுத்த வெள்ளையடிப்பில் மறைக்காமல், ஒரு வண்ணக்கோடும் தேதியும் இட்டு வைப்பார்களாக. அடுத்த பேரவைக் கூட்ட நிகழ்ச்சி நிரலில் இதனை ஒரு பொருளாகச் சேர்ப்பதற்குத் தடை ஏதும் இல்லை.