கேமராவைக் கடைசியாக வாங்குங்கள்

டைவ் ஷாப்பில் போட்டோகிராஃபர் வேலை தேடும் தம்பிகள் என்னைப் பார்த்ததும் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணா, எந்த கேமரா வாங்கலாம்?" நானும் பதிலுக்கு ஒன்றுதான் கேட்பேன்: "உன் படத்துக்கு யாருப்பா காசு கொடுக்கப் போறாங்க?" பாதிப் பேர் முழிப்பார்கள். மீதிப் பேர் "நேஷனல் ஜியாகிரஃபிக்" என்பார்கள். முழிப்பவர்கள் தேவலை.

1. முதலில் கஸ்டமரைப் பாருங்கள்

அந்தமானின் ஹேவ்லாக் தீவை எடுத்துக்கொள்வோம். 2018-இல் ஸ்வராஜ் த்வீப் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். படகில் இன்னும் ஹேவ்லாக்தான். அங்கே காலையில் படகு ஏறும் கூட்டத்தில் நீச்சலே தெரியாத தேனிலவு ஜோடிகள் நிறைய. அவர்களுக்கு ட்ரை டைவ். இன்ஸ்ட்ரக்டர் பிடித்த பிடியை விடாமல் கூட்டிப்போவார். அதிகபட்ச ஆழம் 12 மீட்டர். ஆளைப் பிடித்திருப்பவர் கையில் கேமரா இருக்கக் கூடாது. ஒரு நொடி கவனம் சிதறினால் வம்பு. அதனால்தான் இரண்டாவது ஆளாக உங்களுக்கு அங்கே சம்பளம்.

அந்த ஜோடிக்கு என்ன வேண்டும்? மாஸ்க்குக்குள் கண் தெரிய வேண்டும். பக்கத்தில் நாலு மீன். கை கோத்தபடி ஒரு வீடியோ. ஃபெர்ரி ஏறுவதற்குள் எல்லாம் போனில் வந்து விழ வேண்டும். உங்கள் சென்சார் சைஸை ஒருவரும் விசாரிக்க மாட்டார்கள்.

சர்டிஃபிகேட் வைத்திருக்கும் டைவர்கள் வேறு ரகம். சொந்த கேமராவோடு வருவார்கள்; உங்களிடம் எதிர்பார்ப்பது மீனைக் கண்டுபிடிக்கும் கண்ணை. ரிசார்ட் விளம்பரம், ஆவணப்படம், ஆராய்ச்சிக் குழு எல்லாம் மூன்றாவது ரகம். பெரிய கேமராவுக்கு அங்கேதான் வேலை. ஆனால் அந்த வாய்ப்பு, முதல் ரகத்தில் ரெண்டு சீசன் உழைத்தவனுக்குத்தான் வரும்.

2. மீட்டர் கணக்கைப் படியுங்கள்

"வாட்டர்ப்ரூஃப்" என்ற சொல்லை நம்பி இறங்காதீர்கள். பக்கத்தில் உள்ள எண்தான் விஷயம். கோப்ரோ ஹீரோ 13 வெறும் உடம்போடு 10 மீட்டர் தாங்கும். அதற்கான டைவ் ஹவுசிங் போட்டால் 60. ஓஎம் சிஸ்டத்தின் டிஜி-7 வெறுமனே 15 மீட்டர்; ஹவுசிங்குக்குள் 45. ஓபன் வாட்டர் சர்டிஃபிகேட் உங்களை 18 மீட்டர் வரை விடும். அந்த 15-க்கும் 18-க்கும் நடுவில் இருக்கும் மூன்று மீட்டர் இருக்கிறதே, கேமராக்களின் சுடுகாடு அது. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடிக்கொண்டே போகிறது. 20 மீட்டரில் கரையில் உள்ளதைப் போல மூன்று மடங்கு.

ஆகவே விலை பார்க்கும்போது கேமரா, ஹவுசிங், லைட் மூன்றையும் கூட்டிப் பாருங்கள். மிரர்லெஸ் எடுத்தால் அலுமினிய ஹவுசிங்கே பெரும்பாலும் கேமரா பாடியை விலையில் மிஞ்சிவிடும். அதைவிட முக்கியம்: ஹவுசிங் என்பது ஒரு மாடலுக்கென்று அச்சு வார்த்தது. கேமராவை மாற்றினால் ஹவுசிங்கும் போச்சு. ஒரு விதிவிலக்கு: டிஜி-6-க்கு வாங்கிய கம்பெனி ஹவுசிங் டிஜி-7-க்கும் பொருந்துகிறது. டைவ் தொழிலில் இந்த வரிசைக்கு மவுசு குறையாததற்கு இது ஒரு காரணம்.

3. லைட்டுக்குப் பிறகுதான் லென்ஸ்

போன சீசனில் ஒரு பஞ்சாபிப் பெண் ட்ரை டைவுக்கு வந்தார். கல்யாணமாகி ஒரு வாரம். ஷார்ட்டி சூட், முழங்கைக்குக் கீழே அடுக்கடுக்காகச் சிவப்பு சூடா வளையல். எட்டு மீட்டரில் பார்த்தால் அந்த வளையல் காய்ந்துபோன ரத்த நிறம், கிட்டத்தட்ட கறுப்பு. நீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான். ஐந்தாறு மீட்டரிலேயே பெரும்பங்கு போய்விடும். ஒரு கை நீளத்துக்கு நெருங்கி வீடியோ லைட்டைத் திருப்பினேன். வளையல் பளிச்சென்று சிவந்தது. லைட்டை இரண்டடி பின்னால் இழுத்தேன், மறுபடி மங்கல். மேலே வந்ததும் அவர் முதலில் கேட்டு வாங்கியது அந்த கிளிப்பைத்தான்.

லைட் நீரில் போக வேண்டும், பட்டுத் திரும்பியும் வர வேண்டும். இரண்டு வழியிலும் வரி கட்டுகிறது. அதனால் ஒரு மீட்டர், மிஞ்சினால் ஒன்றரை. அதற்கு மேல் விலகினால் நீலம்தான். எத்தனை லட்சம் போட்டாலும் நீலம்தான்.

வீடியோவும் விற்க வேண்டும் என்பதால் முதல் செலவு வீடியோ லைட். ஸ்ட்ரோப் அப்புறம், ஸ்டில்லுக்கு அது ராஜா, வீடியோவுக்கு உதவாது. லைட் வாங்கும்போது லூமென்ஸ் எண்ணோடு நிற்காதீர்கள். பீம் எவ்வளவு அகலம், முழு வெளிச்சத்தில் எத்தனை நிமிஷம் நிற்கும் என்று பாருங்கள். மூன்று டைவ் போகும் நாளில் இரண்டாவது டைவிலேயே அணையும் லைட்டால் யாருக்கு என்ன லாபம்?

புதுச்சேரியில் வேலை என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். பல நாள் நீர் பச்சையாக, துகள் மிதந்தபடி இருக்கும். கேமராவிலேயே உள்ள ஃபிளாஷைத் தட்டினால் துகள் ஒவ்வொன்றும் மின்னி, படம் முழுக்கப் பனி பெய்த மாதிரி ஆகிவிடும். பேக்ஸ்கேட்டர் என்று ஒரு நல்ல பெயர் வேறு. லைட்டை ஆர்ம் போட்டு வெளியே தள்ளி, பீமின் ஓரம் மட்டும் முகத்தைத் தொடும்படி வையுங்கள். சிவப்பு ஃபில்டர் நீலத் தண்ணீருக்கு, பச்சைக்கு மெஜந்தா. ஃபில்டர் மாட்டியிருந்தால் லைட்டைப் போடாதீர்கள். ரெண்டும் சேர்ந்தால் கஸ்டமர் தக்காளி ஆகிவிடுவார்.

லென்ஸ் விஷயம் சுருக்கமாக. தட்டையான கண்ணாடி வழியே பார்த்தால் நீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். டிஜி-7-இன் 25 மில்லி வைட், நீருக்குள் ஏறக்குறைய 33 மில்லி போல நடந்துகொள்ளும். ரெண்டு பேரையும் இன்ஸ்ட்ரக்டரையும் ஒரே ஃபிரேமில் அடக்கப் பின்னால் போவீர்கள். போனால் நிறம் போச்சு. ஆக, மனிதர்களை எடுப்பவனுக்கு வெட் வைட் லென்ஸோ, பிறவியிலேயே அகலமான ஆக்‌ஷன் கேமராவோ வேண்டும்.

4. சரி, எந்த கேமரா?

ட்ரை டைவ் வேலைக்கு: ஆக்‌ஷன் கேமரா, டைவ் ஹவுசிங், ட்ரே, ஒரு அகல லைட். முடிந்தது. நீருக்குள் டச் ஸ்கிரீன் வேலை செய்யாது. மோடை எல்லாம் படகிலேயே செட் பண்ணிவிட்டு இறங்குங்கள்.

மீன், நத்தை, இறால் என்று மேக்ரோவில் பெயர் எடுக்க ஆசையா? டிஜி-7. லென்ஸிலிருந்து ஒரு சென்டிமீட்டரில் ஃபோகஸ் ஆகும்; அந்த விலையில் அது பெரிய விஷயம். ரா ஃபைல் கிடைக்கும். குறை: சென்சார் சின்னது, ஷட்டர் ஸ்பீடை முழுசாக உங்கள் கையில் தராது. அதற்கு மேல் ஏற வேண்டுமென்றால் ஒரு இன்ச் சென்சார் காம்பாக்ட், அப்புறம் மிரர்லெஸ்.

சீலைஃப் மைக்ரோ 3.0 என்று ஒன்று உண்டு. திறக்கவே முடியாதபடி சீல் வைத்தது. 60 மீட்டர், உள்ளேயே 64 ஜிபி. தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கும் இல்லை, பேட்டரிக் கதவும் இல்லை. பொருளைப் பாதுகாக்கத் தெரியாதவன் என்று உங்களைப் பற்றி உங்களுக்கே சந்தேகம் இருந்தால், கூச்சப்படாமல் வாங்குங்கள். ஆனால் பேட்டரி தேய்ந்தால் நாமாக மாற்ற வழியில்லை.

பழைய நிகோனாஸ் மலிவாக வருகிறது என்று யாராவது ஆசை காட்டலாம். 1963-இல் நிக்கான் கொண்டுவந்த அழகான ஃபிலிம் கேமரா, 2001-இல் நிறுத்திவிட்டார்கள். ஷோகேஸில் வையுங்கள்.

5. ஓ-ரிங்

ஓ-ரிங்கின் அருமையை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு துண்டு. தலையைத் துவட்டிய அதே துண்டால் ஹவுசிங்கின் ஓரத்தைத் துடைத்து மூடினேன். ஒன்பது மீட்டரில் பார்த்தால், உள்ளே அடியில் ஒரு கோடு ஆடுகிறது, ரசமட்டத்தில் ஆடுமே அது மாதிரி. மேலே வந்து திறந்தேன். ஓ-ரிங்குக்கு அடியில் துண்டின் நூல் ஒன்று, ஒரு விரல்கடை நீளம்கூட இல்லை. போன கேமரா என் காசு. மறுநாள் கஸ்டமருக்கு நான் கடன் வாங்கிய கேமராவில் படமெடுத்தேன், அந்த வாரச் சம்பளம் கேமரா கொடுத்தவனுக்குப் போனது.

அன்றிலிருந்து: ஹவுசிங்கை முதல் நாள் இரவே, ஏசி அறையில், துண்டு பக்கத்தில் இல்லாமல் மூடுவேன். ஏசிக் காற்றில் ஈரம் குறைவு என்பதால் உள்ளே ஆவி படியாது. கூட ஒரு சிலிக்கா ஜெல் பாக்கெட். ஓ-ரிங்கில் கிரீஸ் மினுமினுப்பு தெரியும் அளவுக்கு மட்டும். தண்ணீரைத் தடுப்பது ரப்பர்தான், கிரீஸ் இல்லை. படகின் பொது டிரம்மில் கேமராவை ஊறப்போட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். பத்துப் பேர் கேமரா அதில் முட்டிக்கொள்ளும். நல்ல தண்ணீரில் முக்கி, ஒவ்வொரு பட்டனையும் அழுத்தி, உடனே எடுங்கள். உப்புத்தண்ணீர் உள்ளே போய்விட்டால் ஆன் செய்து பார்க்கும் ஆசையை அடக்கி, முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள்.

6. இன்டர்வியூவுக்குப் போகும்போது

மேனேஜர் உங்கள் போர்ட்ஃபோலியோவை வாங்கி, போனில் கட்டைவிரலால் நாலு தள்ளு தள்ளுவார். அவ்வளவுதான் உங்கள் நேரம். முதல் மூன்று படமும் மனித முகமாக இருக்கட்டும். ஆமை எல்லோரிடமும் இருக்கிறது. கூடவே முப்பது விநாடிக்கு ஒரு செங்குத்து வீடியோ.

அடுத்து உங்களை ஒரு செக் டைவுக்குக் கூட்டிப்போவார்கள். கேமராவை எடுத்துப் போகாதீர்கள். அவர்கள் பார்ப்பது உங்கள் பாயன்சியை, அதாவது நீரில் நிலையாக மிதக்கும் திறனை. ஃபிரேமுக்காகப் பவளத்தில் கை ஊன்றுகிறவனை யாரும் வேலைக்கு வைக்க மாட்டார்கள். பவளம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, கேஸ் வந்தால் ஷாப்புக்கும் சேர்த்துத்தான். ஐம்பதாயிரம் கையில் இருந்தால் அதை டைவ்களில் போடுங்கள். டைவ் சர்டிஃபிகேட் தரும் பாடி (PADI) ஏஜென்சியில் டைவ்மாஸ்டர் முடிக்கவே 60 டைவ் பதிவு வேண்டும். அசையாமல் மிதக்கத் தெரிந்தவன் சாதாரண கேமராவில் எடுத்த படத்தை, தத்தளிப்பவனின் ஃபுல் ஃபிரேமால் தொட முடியாது.

பேசி முடிக்கும் முன் நாலு கேள்வி. கேமரா யாருடையது? தண்ணீர் புகுந்தால் யார் கட்டுவது? சம்பளமா, செட்டுக்கு கமிஷனா? விற்காத படம் ஷாப்பின் இன்ஸ்டாகிராமுக்குப் போனால் அதில் உங்கள் பெயர் வருமா? பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். "அதெல்லாம் பாத்துக்கலாம் தம்பி" என்றால், தண்ணீர் புகுந்த அன்றைக்கு உங்கள் சம்பளத்தில்தான் பார்த்துக்கொள்வார்கள்.

7. வாங்கியாயிற்றா?

பேட்டரிகளை விமானத்தில் கைப்பையில் வையுங்கள், செக்-இன்னில் போடக் கூடாது. தீவுக்குப் போனதும் முதல் டைவுக்கு ஹவுசிங்கை மட்டும் கொண்டுபோங்கள். உள்ளே கேமரா வேண்டாம். மடித்த டிஷ்யூ ஒன்று போதும். காலி ஹவுசிங் மேலே மிதக்கப் பார்க்கும், ஒரு ஈயக்கட்டியைக் கட்டிக்கொள்ளுங்கள். நீங்கள் வேலை செய்யப்போகும் ஆழம் வரை போய், எல்லாப் பட்டனையும் அழுத்திப் பார்த்துவிட்டு மேலே வாருங்கள். வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துவிட்டுத் திறந்து, டிஷ்யூவை விரலால் தொட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் அடுத்த டைவுக்குக் கேமரா.