தீயணைப்பு வேலை: உடம்பு ஃபிட், மனசு ஃபிட்டா?

ஃபயர்மேன் செலக்‌ஷனுக்கு 1500 மீட்டர் ஓடவைப்பார்கள், கயிறு ஏறவைப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த பிறகு, கிணற்றில் ஊறிப்போன உடலைத் தூக்க ஒரு நாள் அனுப்புவார்கள். அதற்கு எந்த கோச்சிங் சென்டரிலும் கிளாஸ் கிடையாது. பார்த்தது மனசில் தங்கிவிட்டால் முதலில் அடிபடுவது உங்கள் பெர்ஃபார்மென்ஸ். பேட்ச்மேட் லீடிங் ஃபயர்மேன் ஆகும்போது நீங்கள் லீவ் லெட்டர் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். அதனால் இதைப் படியுங்கள்.

1. எந்த அழைப்பு ஒட்டிக்கொள்ளும் என்று தெரிந்துகொள்ளுங்கள். நெருப்பின் சைஸை வைத்து அதைக் கணிக்க முடியாது. செத்தது குழந்தையா, உங்கள் பிள்ளையின் வயதா, தெரிந்த முகமா, பாடுபட்டும் காப்பாற்ற முடியாமல் போனதா என்று பாருங்கள். கும்பகோணம் பள்ளித் தீயில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் இறந்தார்கள். மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் 2019 அக்டோபரில் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த இரண்டு வயதுக் குழந்தைக்காக நாள் கணக்கில் போராடினார்கள்; நாடே டிவியில் பார்த்துக்கொண்டிருந்தது, கடைசியில் உடல்தான் கிடைத்தது. இப்படிப்பட்ட இடத்தில் நின்றவர் மறுநாள் அடுத்த அழைப்புக்கு வண்டி ஏறியாக வேண்டும். ஒரே ஒரு பெரிய சம்பவம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. மனித உடல் பாகங்களைத் திரும்பத் திரும்பச் சேகரிக்கும் மீட்புப் பணியாளர்களை, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013 கையேடே பி.டி.எஸ்.டி. (அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்) வரக்கூடியவர்களுக்கு உதாரணமாகச் சொல்கிறது.

2. அந்தப் பாதிப்பு வேலையில் எங்கே காட்டும் என்று கவனியுங்கள். நம் ஆட்கள் கனவில் பயந்தால்தான் பிரச்சினை என்று நினைக்கிறார்கள். டியூட்டியில் அது வேறு வேஷத்தில் வரும்.

புகைக்குள் போகும்போது மாட்டும் மூச்சுக் கருவியான பி.ஏ. செட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் மூச்சு வேகமாகும், சிலிண்டரில் காற்று சீக்கிரம் தீரும். கூட நுழைந்தவருக்கு இன்னும் நேரம் இருக்கும்போது உங்களுக்கு விசில் அடித்துவிடும், இரண்டு பேரும் வெளியே வந்தாக வேண்டும். சிலருக்கு மாஸ்க் போட்டதுமே திணறும், உள்ளே நிற்கும்போதே கழற்றி எறியத் தோன்றும். புகைக்குள் அதைச் செய்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தூக்கம் கெட்டவருக்கு வாக்கி டாக்கியில் வந்த மெசேஜ் காதில் விழும், மண்டையில் ஏறாது. ஒரே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார், பக்கத்துக் கூரை சரிவது கண்ணில் படாது. டிரைவராக இருந்தால் விபத்து நடந்த அந்த வளைவில் கை நடுங்கும். இன்னொருவர் குறிப்பிட்ட வகை அழைப்பு வந்தால் மட்டும் டியூட்டி மாற்றிக்கொள்வார், அடிக்கடி கேஷுவல் லீவ் போடுவார், ஹோஸ் சுற்றுவதில் ஆரம்பித்த பேச்சைச் சட்டையைப் பிடிக்கும்வரை கொண்டுபோவார். எதைப் பார்த்தாலும் எதுவுமே தோன்றவில்லை என்பவரும் உண்டு. அவரைத்தான் ஸ்டேஷனில் கெட்டிக்காரர் என்பார்கள். என்னைக் கேட்டால் முதலில் விசாரிக்க வேண்டியது அவரைத்தான்.

3. காலண்டர் பாருங்கள். சம்பவத்துக்குப் பிறகு ஒன்றிரண்டு வாரம் தூக்கம் கெடுவது, காட்சி கண்முன் வருவது பெரும்பாலோருக்கு நடக்கும், தானாகவே குறையும். ஒரு மாதம் தாண்டியும் விடவில்லை, வேலையைப் பாதிக்கிறது என்றால் டாக்டரிடம் போங்கள். தாங்கவே முடியவில்லை, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறது என்றால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். இதற்கென்றே வடிவமைத்த பேச்சு சிகிச்சை, கண் அசைவைப் பயன்படுத்தும் ஈ.எம்.டி.ஆர். சிகிச்சை, தேவைப்பட்டால் மாத்திரை என வழிகள் இருக்கின்றன. சிகிச்சை எடுத்துப் பழையபடி வேலைக்குத் திரும்பியவர்கள் நிறைய உண்டு.

4. குவார்ட்டர் மருந்து இல்லை. படுத்ததும் தூக்கம் வரும், நடுராத்திரியில் உடைந்துவிடும், மறுநாள் ரோல் காலில் வாசனை காட்டிக்கொடுக்கும். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகத் தூக்க மாத்திரை கேட்டு வாங்குவதும் அதே ரகம்தான்.

5. ஸ்டேஷன் ஆபீசரிடம் எப்படிச் சொல்வது? "மனசு சரியில்லை சார்" என்றால் அவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. வேலையின் மொழியில் பேசுங்கள்: "சார், போன மாதக் கிணற்று அழைப்புக்கு அப்புறம் சரியா தூங்கலை. மாஸ்க் போட்டா திணறுது. டாக்டரைப் பார்க்கப் போறேன், ரெண்டு வாரம் வாட்ச் ரூம் டியூட்டி கொடுங்க சார்." பிரச்சினை, அதற்கு நீங்கள் எடுக்கும் நடவடிக்கை, அவரிடம் எதிர்பார்ப்பது மூன்றும் அதில் வந்துவிட்டன. தப்பு நடந்து மெமோ வந்த பிறகு இதையே சொன்னால் சாக்கு என்பார்கள்.

6. சட்டம் தெரிந்து வைத்திருங்கள். 2017 மனநலச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டியது டாக்டரின் கடமை, விதிவிலக்குகள் குறைவு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-வது பிரிவு, பணிக்காலத்தில் ஊனம் ஏற்பட்ட அரசு ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. இப்போதைய வேலைக்குப் பொருந்தாவிட்டால் அதே ஊதியத்தில் வேறு பணியிடம் தர வேண்டும். ஊனத்தை மட்டும் காட்டி புரமோஷனை மறுக்கவும் முடியாது. மனநோயும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. ஆனால் சில பணிகளுக்கு விலக்கு அளிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு. உங்கள் துறையின் நிலை என்ன என்று சங்கத்திலோ வக்கீலிடமோ விசாரித்துக்கொள்ளுங்கள்.

7. மேலே போக ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று. டீமைத் தேயவிடாமல் வைத்திருப்பதும் ஒரு ஸ்கில். அது மேலதிகாரியின் கண்ணில் படும். உடல் தூக்கும் வேலையை ஒரே ஆளின் தலையில் கட்டாமல் மாற்றி மாற்றிக் கொடுங்கள். வேலை இல்லாதவரை ஸ்பாட்டில் எட்டவே நிறுத்துங்கள். டீக்கடையில் உட்காரும்போது, பேச விரும்புகிறவர் பேசட்டும், மற்றவரை நோண்டாதீர்கள். எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து அனுபவத்தைச் சொல்லச் சொல்வதை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைப்பதில்லை. ஸ்டேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் பிண போட்டோ போடுவதை இன்றைக்கே நிறுத்துங்கள். ஸ்பாட்டில் ஒரு தடவை பார்த்ததே போதும்.

அரசின் மனநல உதவி லைன் டெலி மானஸ், நம்பர் 14416. இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். இப்போதே போனில் சேவ் பண்ணிக்கொள்ளுங்கள், அப்படியே பக்கத்துக் கட்டிலில் தூங்காமல் புரளும் ஆளுக்கும் ஃபார்வர்டு பண்ணிவிடுங்கள்.