நூலும் இதயமும்: டாக்டர் வலியத்தானின் ஆய்வுப் பணி

பின்னலாடை என்றதும் பனியனே நம் நினைவில் எழுகின்றது. திருப்பூரில் வாழும் நமக்கு அது இயல்பேயாம். ஆயின் பின்னல் துணி இரத்தக் குழாயாகவும், பாலியெஸ்டர் துணி செயற்கை இதய வால்வின் விளிம்பாகவும் மனித உடலினுள் தைக்கப்பெற்று உயிர் காக்கும் செய்தியை நம் மாணவர் பலர் அறியார்.

1950களில் அமெரிக்க அறுவை மருத்துவர் மைக்கேல் டிபேக்கி, கடையில் வாங்கிய டேக்ரான் துணியைத் தம் மனைவியின் தையல் எந்திரத்திலேயே குழாயாகத் தைத்தார். பின்னர் பிலடெல்பியா ஜவுளிக் கல்லூரியின் அறிஞர் துணையுடன் தையலற்ற குழாய்கள் எந்திரத்தில் பின்னப்பெற்றன. பின்னலின் கண்ணிகள் வழியே இரத்தம் கசியுமன்றோ? அதனால் நோயாளியின் இரத்தத்திலேயே குழாயை முன்னர் நனைத்து, அது உறைந்து துளைகளை அடைத்தபின் பொருத்தினர். நாளடைவில் அக்கண்ணிகளிடையே உடலின் திசு வளர்ந்து பற்றிக்கொள்ளும். துளை ஈண்டுக் குறையன்று, தேவையாகும்.

இத்துறையில் நம் நாட்டின் பெருமைக்குரியவர் மார்த்தாண்ட வர்ம சங்கரன் வலியத்தான் ஆவார். 1934இல் கேரளத்து மாவேலிக்கரையில் பிறந்து, திருவனந்தபுரத்தில் மருத்துவம் பயின்றார். அமெரிக்காவில் சார்லஸ் ஹஃப்நேகலிடம் பயிற்சி பெற்றார். 1952இல் மனித உடலில் முதன்முதலாகச் செயற்கை வால்வைப் பொருத்தியவர் அந்த ஹஃப்நேகலே.

1974இல் வலியத்தான் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தின் பொறுப்பேற்றார். இளம்பருவத்தில் கவனியாது விட்ட தொண்டைப் புண், வாதக் காய்ச்சலாக மாறி இதய வால்வைச் சுருக்கிவிடுகின்றது. அந்நோய்க்கு ஆளானோரில் மிகுதியானோர் ஏழை இளைஞர். இறக்குமதி வால்வின் விலையோ அவர்கள் எட்டாதது. அறுவைத் திறன் இருந்தும் வால்வின்றிக் கைகட்டி நிற்கும் நிலையை மாற்ற, மருத்துவரும் பொறியாளரும் ஒரே நிறுவனத்தில் அமரவேண்டும் என அவர் கருதினார். 1980இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. மருத்துவமனையோடு பூஜப்புரையில் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவும் இயங்கியது. அவர் செய்த அறுவைகள் பலவற்றினும் இவ்வமைப்பே பெரிது என்பது நம் கருத்து.

நிமிடத்திற்கு 70 துடிப்பு எனக் கொண்டாலும், ஆண்டொன்றில் வால்வு மூன்றரைக் கோடி முறைக்கு மேல் திறந்து மூடவேண்டும். எனவே தேய்மானமே பெரும் பகையாயிற்று. பொறியாளர் ஜி.எஸ்.புவனேஸ்வர் முதலானோர் உழைத்தும் முதல் மூன்று மாதிரிகள் தோற்றன. நீலக்கல் வகைத் தட்டையும் முயன்று கைவிட்டனர். இறுதியில் வென்றது கடினமான கல்லன்று, பாலித்தீன் வகைத் தட்டு! கோபால்ட்-குரோமியக் கலவைக் கூடு, அதனுள் சாயும் பாலித்தீன் தட்டு, இதயத் தசையோடு வைத்துத் தைக்கப் பாலியெஸ்டர் துணி வளையம் ஆகிய இவையே நான்காம் மாதிரி. தைப்பதற்கு இடந்தரும் துணி வளையம் இன்றேல் எத்துணை நுட்பமான உலோகக் கூடும் இதயத்தில் நிலைகொள்ளாது. 1990 டிசம்பர் 6ஆம் நாள் முதல் நோயாளிக்கு அது பொருத்தப்பெற்றது.

தமிழ்நாட்டு டி.டி.கே. குழுமம் இதன் உற்பத்தியை மேற்கொண்டது. இதுகாறும் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் இவ்வால்வைப் பெற்றுள்ளனர். (பாடநூல்களில் ஈரிதழ் வால்வு, மூவிதழ் வால்வு எனப் படிக்கின்றோம். பூவிதழை இதயத்துக்குத் தந்த கலைச்சொல்லாளர் பாராட்டுக்குரியர்.)

பின்னர் மணிப்பால் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். முதுமையில் சரகர், சுசுருதர், வாக்படர் ஆகியோரின் ஆயுர்வேத நூல்களை ஆராய்ந்து எழுதினார். 2005இல் பத்ம விபூஷண் விருது பெற்ற அவர், 2024 ஜூலை 17இல் தம் 90ஆம் அகவையில் மறைந்தார்.

மருத்துவத் துணிக்கான உயராய்வு மையம் கோயம்புத்தூர் சிட்ராவில் இயங்கி வருகின்றது. திருப்பூரிலிருந்து காலையில் பேருந்து ஏறினால் மாலையில் வீடு திரும்பிவிடும் தொலைவுதான். இயற்பியலும் ஜவுளியியலும் பயிலும் நம் மாணவர் ஒருமுறை சென்று காண்பாராக.