குழந்தைத் துயிலும் இல்லத்து ஒழுங்கும்

சென்ற ஆடித் திங்களில் தென்காசியில் வாழும் எம் பேத்தியின் இல்லத்தில் பத்து நாட்கள் தங்கியிருந்தோம். குற்றாலத்தில் சாரல் காலம். ஊரார் அருவிக்கு விரைந்து கொண்டிருந்தனர். அவ்வீட்டிலோ உறக்கமே பேச்சாக இருந்தது. நான்கு மாதக் குழந்தை பகலெல்லாம் உறங்கி இரவெல்லாம் விழித்தது. "ஒரு துளி சளி மருந்து கொடு, உறங்கிவிடும்" என்றார் அண்டை வீட்டு மூதாட்டி. "அழவிட்டால் தானே பழகும் என்கிறார்களே, பாட்டி?" என்று கண்கள் சிவக்கக் கேட்டாள் பேத்தி.

எம் நெஞ்சு சுட்டது. ஆசிரியப் பயிற்சியில் குழந்தை மனவியலைப் பாடமாகப் பயின்ற நாம், எம் தலைமகனை ஓர் இரவு கதவடைத்து அழவிட்டோம். நாற்பது பிள்ளைகளை அடக்கும் ஆசிரியைக்கு ஒரு குழந்தை அடங்காதா என்ற செருக்கே காரணம். அவன் அழுதது காதுவலியால் என்பதை மறுநாள் மருத்துவர் கூறியே அறிந்தோம். ஆகவே, தாய்மார்களுக்கு முதற்பாடம்: அழுகை பிடிவாதமன்று, குழந்தைக்குத் தெரிந்த ஒரே மொழி அதுவே.

பிறந்த குழந்தைக்கு இரவு பகல் வேறுபாடு தெரியாது. இரண்டு மூன்று திங்களில்தான் உடலின் நாழிகைக் கணக்கு உருப்பெறத் தொடங்குகிறது. அதற்கு வழிகாட்டுவது ஒளி. சாரலுக்கு அஞ்சிச் சன்னல்களை அடைத்த வீட்டில் பகலும் இரவும் குழந்தைக்கு ஒன்றே. எனவே பகலில் சன்னலைத் திறந்து, வெளிச்சத்தில் வைத்துப் பேசி விளையாடுக. இரவில் விளக்கைத் தாழ்த்தி, குரலையும் தாழ்த்துக.

உலக நலவாழ்வு நிறுவனம் 2019-இல் வகுத்த அளவின்படி, பகலுறக்கம் உட்பட ஒரு நாளில் மூன்று மாதம் வரை 14 முதல் 17 மணி, நான்கு முதல் பதினொரு மாதம் வரை 12 முதல் 16 மணி, ஒன்று, இரண்டு வயதில் 11 முதல் 14 மணி நேர உறக்கம் வேண்டும்.

பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் நம் இல்லங்களுக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. ஏழு மணிக்கே அடுக்களை அடங்கிவிடும். தொலைக்காட்சியும் கைபேசியும் அப்போதே அடங்கட்டும். பின்னர் நாள்தோறும் ஒரே வரிசை: வெந்நீரில் நனைத்த துணியால் உடல் துடைத்தல், பாலூட்டல், விளக்கைத் தணித்தல், தாலாட்டு. ஆயினும் இரவுண்ணா நோன்பு பெரியோர்க்கே உரியது. பசித்தழும் பால்குடிப் பிள்ளைக்கு எந்நேரமும் பால் தருதல் வேண்டும்.

தால் என்பது நாக்கு. அதனை ஆட்டிப் பாடுவதால் தாலாட்டு. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் மூன்றாவது தாலப் பருவம். நாளும் ஒரே பாட்டைக் கேட்கும் குழந்தை, அதனை உறக்கத்தின் அழைப்பென உணரும். கண் செருகும்போதே, முற்றும் உறங்குமுன், படுக்கையில் கிடத்தி மார்பில் கை வைத்திருங்கள். சிணுங்கினால் சற்றுப் பொறுங்கள். அழுதால் எடுத்து அணையுங்கள். அகரம் எழுதும் பிள்ளையின் கையை முதலில் இறுகப் பற்றி, நாளடைவில் பிடி தளர்த்துவோமன்றோ? அதுபோன்றதே இதுவும்.

காக்க வேண்டியவை சில:

1. குழந்தையை மல்லாந்தே கிடத்துக. படுக்கை சமமாகவும் உறுதியாகவும் இருக்கட்டும். தலையணை வேண்டா.

2. தூளியில் முகவாய் மார்பில் அழுந்தினால் மூச்சுத் தடைப்படும். முகம் தெரியுமாறு, கண்பார்வையிலேயே ஆட்டுக. உறங்கியதும் படுக்கைக்கு மாற்றுக.

3. சாரற்குளிருக்கு ஒரு பருத்திச் சட்டை கூடுதலாகப் போதும். முகத்தின்மேல் துணி படரலாகாது.

4. உறக்கத்திற்கென எம்மருந்தும் தரலாகாது, மூச்சையே தளர்த்திவிடக்கூடும். ஆறு திங்கள் வரை தாய்ப்பாலே போதும்.

5. காய்ச்சல், பால் மறுத்தல், ஓயாத அழுகை இருப்பின் உடனே மருத்துவரை நாடுக.

எட்டாம் நாள் இரவு குழந்தை இருமுறை மட்டுமே விழித்தது. பால் குடித்து மீண்டும் உறங்கியது. பேத்தியும் உறங்கினாள். அருவி பார்க்காமலே ஊர் திரும்பினோம், குறையொன்றும் தோன்றவில்லை.

சாரல் காணக் குழந்தையுடன் குற்றாலம் வரும் குடும்பங்கள், பழகிய விரிப்பையும் பழகிய பாட்டையும் உடன் கொண்டு வருக. இடம் மாறினும் மாலை வரிசை மாறாதிருக்கட்டும். எவ்வுயிர்க்கும் இன்னா செய்யாமையைப் போற்றும் நாம், வீட்டின் மிகச் சிறிய உயிரிடம் அதனைத் தொடங்குவோமாக.