கம்பியில்லாக் கணினி வலைப்பின்னல்: அமைப்பும் செய்முறையும்

ஒரே கட்டிடத்தில் உள்ள கணினிகளைக் கம்பியால் இணைப்பது எளிது. குன்றும் ஓடையும் இடையிட்ட நான்கைந்து ஊர்களின் பள்ளிகளையும் மருத்துவ நிலையங்களையும் இணைப்பது அத்துணை எளிதன்று. கம்பி இழுக்கப் பொருட்செலவு மிகுதி. இழுத்த கம்பியும் ஒரு மண்சரிவில் அறுந்துபோகலாம். இத்தகைய இடங்களில் கணினிகளே ஒன்றன் செய்தியை மற்றொன்று வாங்கி அடுத்ததற்குக் கொடுக்குமாறு செய்தால், நடுவண் நிலையமோ நெடுந்தூரக் கம்பியோ இன்றியே தொடர்பு ஏற்படும். இவ்வமைப்பே கம்பியில்லா வலைப்பின்னல் எனப்படும். அதன் தத்துவத்தையும், கள அலுவலரும் ஆசிரியரும் தம் கையாலேயே அதனை அமைக்கும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

தத்துவம்

வீடுகளிலும் அலுவலகங்களிலும் காணப்படும் வைஃபை அமைப்பில் ஒரு நடுவண் கருவி உண்டு. எல்லாக் கணினிகளும் அதனோடு மட்டுமே பேசும். அருகருகே உள்ள இரு கணினிகளும்கூட அதன் வழியாகவே செய்தி பரிமாறிக்கொள்ளும். நடுவண் கருவி நின்றுவிட்டால் எல்லாம் நின்றுவிடும்.

இரண்டாவது முறையில் நடுவண் கருவி இல்லை. அலை எட்டும் தூரத்தில் உள்ள கணினிகள் நேராகவே பேசிக்கொள்ளும். இதற்கு ‘அட்-ஹாக்’ முறை என்று பெயர். ஆயினும் இம்முறை மட்டுமே வலைப்பின்னல் ஆகாது. அ, ஆ, இ என்னும் மூன்று கணினிகள் வரிசையாக உள்ளன என்று கொள்வோம். அ-வின் அலை ஆ-வை எட்டுகிறது. ஆ-வின் அலை இ-யை எட்டுகிறது. ஆனால் அ-வின் அலை இ-யை எட்டவில்லை. அட்-ஹாக் முறை மட்டும் இருப்பின் அ-வும் இ-யும் பேச இயலாது. ஏனெனில் ஆ தனக்கு வந்த செய்தியைப் படிக்குமேயன்றிப் பிறர்க்கு உரிய செய்தியை வாங்கி அனுப்பாது. அவ்வாறு அனுப்பும் வேலையைச் செய்வது வழியறியும் நெறிமுறை என்னும் மென்பொருள். அட்-ஹாக் இணைப்பும் வழியறியும் நெறிமுறையும் சேர்ந்ததே வலைப்பின்னல். புதிதாகச் செய்வோர் பெரும்பாலும் இடர்ப்படுவது இந்த வேறுபாட்டை உணராமையாலேயே ஆகும்.

வழியறியும் விதம்

வழியறியும் நெறிமுறைகள் பலவகை. தேவை எழும்போது மட்டும் வழி தேடுவது ஒருவகை. 2003-இல் வெளியான ஏ.ஓ.டி.வி. நெறிமுறை இவ்வகையைச் சேர்ந்தது. வழிகளை எப்பொழுதும் அறிந்துவைத்திருப்பது மற்றொரு வகை. அதே ஆண்டில் வெளியான ஓ.எல்.எஸ்.ஆர். இவ்வகையினது. ஓ.எல்.எஸ்.ஆர். முறையில் ஒவ்வொரு நிலையமும் முழு வலையின் படத்தையும் தன்னுள் வரைந்து வைத்துக்கொள்கிறது.

ஜெர்மனியின் பெர்லின் நகரில் ‘ஃபிரைஃபுங்க்’ என்னும் பொதுமக்கள் வலைப்பின்னலை நடத்தியோர், நிலையங்கள் பெருகப் பெருக இப்படம் வரையும் வேலை சிறிய கருவிகளுக்குச் சுமையாவதைக் கண்டனர். ஆதலின் 2006-இல் ‘பேட்மன்’ என்னும் புதிய நெறிமுறையை உருவாக்கத் தொடங்கினர். இதில் ஒவ்வொரு நிலையமும் ‘யான் இங்கு உள்ளேன்’ என்னும் சிறு அறிவிப்பைப் பொதுவாக வினாடிக்கு ஒருமுறை வெளியிடும். அண்டை நிலையங்கள் அதனை மீண்டும் ஒலிபரப்பும். தொலைவில் உள்ள நிலையம், அவ்வறிவிப்பு எந்த அண்டை நிலையத்தின் வழியாக மிகுதியாகவும் ஒழுங்காகவும் வருகிறது என்று பார்க்கும். மறுமொழியை அந்த அண்டை நிலையத்திடம் கொடுத்துவிடும். முழு வழியையும் அறிய வேண்டுவதில்லை; அடுத்த அடி எது என்று அறிந்தால் போதும். வழிப்போக்கன் ஊர்ப்படம் இன்றியே, ஒவ்வோர் ஊரிலும் அடுத்த ஊருக்கு வழி கேட்டுச் செல்வதைப் போன்றது இது. பேட்மனின் ஒரு வடிவம் 2011-இல் லினக்ஸ் இயக்கமுறைமையின் கருவிலேயே சேர்க்கப்பட்டது. கீழ்வரும் செய்முறை அதனையே பயன்படுத்துகிறது.

அலைவரிசையும் விதிகளும்

இந்தியாவில் 2005 ஜனவரியில் வெளியிடப்பட்ட விதிகள், 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையில் குறைந்த ஆற்றல் கருவிகளை உரிமமின்றி இயக்க இடமளித்தன. கருவியின் வெளியீடு 1 வாட்டுக்கும், ஆன்டெனா ஒருமுகப்படுத்திய பின் உள்ள பயனுறு ஆற்றல் 4 வாட்டுக்கும் மிகுதல் கூடாது என்று அவ்விதிகள் வரையறுத்தன. 2018-இல் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் பல அலைவரிசைகள் உரிமமின்றித் திறந்துவிடப்பட்டன. வெளியிடத்தில் ஆன்டெனா நிறுத்துவோர் நடப்பிலுள்ள விதிகளை முன்னரே பார்த்துக்கொள்ளுதல் கடமையாகும்.

ஓர் எடுத்துக்காட்டு: 0.1 வாட் கருவியோடு 15 டெசிபல் ஈட்டமுள்ள ஆன்டெனாவை இணைத்தால், ஈட்டம் ஏறக்குறைய 32 மடங்கு ஆதலால் பயனுறு ஆற்றல் 3.2 வாட் ஆகும். இது வரம்புக்குள் அடங்கும். அதே ஆன்டெனாவை 1 வாட் கருவியோடு இணைத்தால் 32 வாட் ஆகிவிடும், இது விதிமீறல். அன்றியும் அக்கம்பக்கத்தாரின் தொடர்பையும் கெடுக்கும்.

வேண்டிய பொருள்கள்

லினக்ஸ் நிறுவிய கணினிகள் நான்கு. ஒவ்வொன்றிலும் அட்-ஹாக் முறையில் இயங்கவல்ல வைஃபை கருவி. பேட்மன் நிலையைக் காட்டும் ‘பேட்-கன்ட்ரோல்’ என்னும் துணை மென்பொருள். வைஃபை கருவிகள் எல்லாம் அட்-ஹாக் முறையை ஏற்பதில்லை. கருவியின் திறன்களைப் பட்டியலிடும் கட்டளையை முதலில் இட்டு, இயங்கும் முறைகளில் அட்-ஹாக் உள்ளதா என்று பார்த்த பின்னரே மேற்செல்ல வேண்டும்.

செய்முறை

1. கணினியின் வைஃபை இணைப்பைத் தானாகவே நிர்வகிக்கும் மென்பொருளை அக்கருவியிலிருந்து விலக்கிவிடுக. இல்லையேல் அது இடையிடையே அமைப்புகளை மாற்றிவிடும்.

2. வைஃபை கருவியை நிறுத்தி, அதன் முறையை அட்-ஹாக் என மாற்றி, மீண்டும் இயக்குக.

3. எல்லாக் கணினிகளிலும் ஒரே வலைப்பெயர், ஒரே சேனல், ஒரே குழு அடையாள எண் ஆகியவற்றை இடுக. 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 1, 6, 11 என்னும் சேனல்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாதவை. அவற்றுள் நெரிசல் குறைந்ததைத் தேர்க. குழு அடையாள எண்ணைக் கையால் இடாவிடின், ஒரே பெயரில் இரு தனிக் குழுக்கள் தோன்றி ஒன்றையொன்று அறியாமல் நிற்கக்கூடும்.

4. செய்தித் துண்டின் உச்ச அளவை வைஃபை கருவியில் 1500 பைட்டிலிருந்து 1532 ஆக உயர்த்துக. பேட்மன் தன் குறிப்பைத் துண்டின் முன்னே சேர்ப்பதால் இக்கூடுதல் இடம் வேண்டப்படுகிறது.

5. பேட்மன் கூறினை ஏற்றி, வைஃபை கருவியை அதனிடம் ஒப்படைக்குக. அப்பொழுது கணினியில் ஒரு புதிய தோற்ற இணைப்பு உண்டாகும்.

6. அத்தோற்ற இணைப்புக்கே முகவரி இடுக. வைஃபை கருவிக்கு இடலாகாது. முதற் கணினிக்கு 10.20.0.1, அடுத்ததற்கு 10.20.0.2 என வரிசையாக இட்டு, ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்குக. ஒரே முகவரியை இருவர் இடின் இருவர் தொடர்பும் கெடும்.

7. இணையத் தொடர்பு உள்ள கணினி ஒன்று இருப்பின் அதனை வாயில் நிலையமாக்கிப் பிற கணினிகளின் செய்திகளை வெளியே அனுப்புமாறு அமைக்குக.

வகுப்பறைச் சோதனை

மாணவர் தத்துவத்தை உணர இச்சோதனை உதவும். முதலில் பேட்மனை ஏற்றாமல், வைஃபை கருவிகளுக்கே தற்காலிக முகவரி இட்டு, அ, ஆ, இ என்னும் மூன்று கணினிகளை அட்-ஹாக் முறையில் மட்டும் இணைக்குக. அலையின் ஆற்றலைக் குறைத்துவிட்டு, அ-விலிருந்து இ-க்கு ‘பிங்’ அனுப்பியவாறே இ-யைத் தாழ்வாரத்தில் தள்ளிக்கொண்டு செல்க. மறுமொழி நின்ற இடத்தில் இ-யை வைத்து, ஆ-வை நடுவில் வைக்குக. இப்பொழுதும் மறுமொழி வாராது. பின்னர்த் தற்காலிக முகவரிகளை நீக்கி, மூன்றிலும் பேட்மனை இயக்கிப் புதிய முகவரிக்குப் பிங் அனுப்புக. சில வினாடிகளில் மறுமொழி வரும். பேட்மன் பட்டியலில் இ-க்கு நேரே ‘அடுத்த அடி’ என்னும் இடத்தில் ஆ-வின் அடையாளம் இருக்கும். அருகே தொடர்பின் தரம் 0 முதல் 255 வரையுள்ள எண்ணால் குறிக்கப்பட்டிருக்கும்.

இனி நான்காவது கணினியாகிய ஈ-யையும் நடுவில் வைத்து, ஆ-வை நிறுத்திவிடுக. தொடர்பு சிறிது அறுந்து, பின் ஈ-யின் வழியாக மீளும். வலைப்பின்னலின் சிறப்பு இதுவே.

வெளியிடத்தில் கவனிக்க வேண்டியவை

வேகம்: ஒரே வைஃபை கருவி வாங்குவதும் அனுப்புவதும் ஒரே சேனலில் ஆதலால், ஒன்று பேசும்போது அருகிலுள்ளது பேச இயலாது. ஓரடியில் வினாடிக்கு 20 மெகாபிட் கிடைத்தால், இரண்டடியில் ஏறத்தாழ 10, மூன்றடியில் ஏறத்தாழ 7 மெகாபிட்டே கிடைக்கும். ஆதலின் வாயில் நிலையத்தை வலையின் ஓரத்தில் வைக்காமல் நடுவில் வைத்தல் நன்று.

பார்வைக் கோடு: 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர். நீர்ச்சத்துள்ள இலைகள் இவ்வலையை உறிஞ்சும். இரு ஆன்டெனாக்கள் ஒன்றையொன்று கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. ஒரு கிலோமீட்டர்த் தொடர்பின் நடுவிடத்தில், பார்வைக் கோட்டைச் சூழ ஏறக்குறைய 5.6 மீட்டர் ஆரமுள்ள வெளி, பெரும்பகுதி தடையின்றி இருத்தல் வேண்டும். கோடையில் நன்கு இயங்கிய தொடர்பு மழைக்குப் பின் மரம் தழைத்ததும் நலிவது இதனாலேயே.

மின்சாரம்: 6 வாட் கருவி ஒரு நாளில் 144 வாட்-மணி ஆற்றலை உட்கொள்ளும். 12 வோல்ட் மின்கலத்தில் இது 12 ஆம்பியர்-மணி. ஈய மின்கலத்தைப் பாதிக்குமேல் வடியவிடலாகாது. ஆதலின் ஒரு நாளுக்கு 24, வெயிலற்ற இரு நாளைத் தாங்க 48 ஆம்பியர்-மணித் திறன் வேண்டும். ஆன்டெனாக் கம்பத்துக்குத் தரையிணைப்பும் இடிதாங்கியும் இடாமல் விடலாகாது. மின்கம்பிகளின் அருகே கம்பம் நடுதல் உயிருக்கே அபாயம்.

அமைப்பு: நிலையங்களை ஒரே வரிசையில் நிறுத்தினால் இடையில் ஒன்று நின்றதும் அப்பாலுள்ள ஊர்கள் துண்டிக்கப்படும். ஒவ்வொரு நிலையத்துக்கும் இரு அண்டை நிலையங்களேனும் கேட்குமாறு வட்டமாக அமைத்தல் வேண்டும்.

பாதுகாப்பு

பேட்மன் நெறிமுறை செய்தியை மறைகுறியாக்குவதில்லை. வந்து சேருவோர் யாவர் என்று சோதிப்பதுமில்லை. வலைப்பெயரும் சேனலும் அறிந்த எவரும் நுழைந்து, தாமே வாயில் நிலையம் என்று அறிவித்துவிட முடியும். மருத்துவக் குறிப்பு, மாணவர் பதிவு போன்றவற்றை அனுப்புவோர் மறைகுறியாக்கும் மென்பொருளைத் தனியே பயன்படுத்துதல் இன்றியமையாதது. 2011-இல் ஏற்கப்பட்ட 802.11எஸ் என்னும் தரநிலையில் கடவுச்சொல்லால் ஒருவரையொருவர் உறுதிசெய்யும் முறை வகுக்கப்பட்டுள்ளது. கருவி அதனை ஏற்குமாயின், அட்-ஹாக்கிற்குப் பதிலாக அதனைக் கொள்வதே சிறந்தது.

அனுபவம் காட்டும் பாடம்

இமாசலப் பிரதேசத்தின் தர்மசாலையில் 2005 பிப்ரவரியில் ஒரு பொதுமக்கள் வலைப்பின்னல் தொடங்கப்பட்டது. அம்மாத முடிவுக்குள் எட்டு வளாகங்கள் இணைக்கப்பட்டன. ஒரு நடுவண் கோபுரத்திலிருந்து எல்லா இடங்களையும் எட்டும் முறைக்கு அங்கு மலையும் மரமும் தடையாயின. நிலையத்துக்கு நிலையம் தாவிச் செல்லும் வலைப்பின்னல் அத்தடையைச் சுற்றிச் சென்றது. மின்சாரம் அடிக்கடி நின்ற இடங்களில் வலை தானே வழி மாற்றிக்கொண்ட இயல்பு பெரிதும் பயன்பட்டது. 2012-இல் சாண்டிப் புயல் நியூயார்க் நகரைத் தாக்கியபோது, ரெட் ஹூக் பகுதியில் முன்னரே அமைக்கப்பட்டிருந்த சிறு வலைப்பின்னல், மக்கள் உதவி கோரவும் உறவினரோடு பேசவும் துணைநின்றது.

இவ்விரண்டாம் நிகழ்ச்சியில் ஒன்று கருதத்தக்கது. புயலுக்கு முன்பே வலை நிறுவப்பட்டிருந்தது. அதனைப் பேணுவோரும் அவ்விடத்திலேயே இருந்தனர். வெள்ளம் வந்தபின் முகவரி இடக் கற்பது இயலாது. ஆதலின் பள்ளியில் நான்கு கணினிகளைக் கொண்டு மாதம் ஒருமுறை செய்யும் சிறு பயிற்சியும் வீண்போவதன்று.

பயிற்சி வினாக்கள்

1. அட்-ஹாக் இணைப்புக்கும் வலைப்பின்னலுக்கும் உள்ள வேறுபாடு யாது?

2. 0.2 வாட் கருவியோடு 15 டெசிபல் ஆன்டெனாவை இணைத்தால் பயனுறு ஆற்றல் எவ்வளவு? அது 4 வாட் வரம்புக்குள் அடங்குமா?

3. ஓர் ஊரின் ஆறு நிலையங்களைப் படமாக வரைந்து, எந்த ஒன்று நின்றாலும் மற்றவை துண்டிக்கப்படாதவாறு இணைத்துக் காட்டுக.